ஆறு தாள்களும் ஒரு தலையும்

"தலய எங்க வெச்சீங்க?" என்று கேட்டாள் குப்பம்மா.

நான் பாறைமேல் உட்கார்ந்து செய்தித்தாளை மடித்துக்கொண்டிருந்தேன். முந்தின நாள் கோடை மழை ஒரு பாட்டம் அடித்துவிட்டுப் போயிருந்தது. வெயில் ஏற ஏறப் பாறையிலிருந்து ஆவி வந்தது. தண்ணீர் தெளித்து அணைத்த அடுப்பின் வாசனை. எதிரே புல் சரிவில் ஏழு குழிகள், ஒவ்வொன்றும் ஒரு டம்ளர் ஆழம். குப்பம்மா அவற்றைச் சுற்றிச் சுற்றி வந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள், காதுத் தோட்டின் திருகைத் தொலைத்தவள் மாதிரி.

எனக்குப் புரியவில்லை. "எந்தத் தலை?"

"கெழங்குத் தலங்க. தோண்டி எடுத்துட்டு, தல எங்க?"

"எல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு" என்று பக்கத்திலிருந்த மரச்சட்டத்தைத் தட்டினேன். செடிகளைத் தாள்களுக்கு நடுவே வைத்து, இரண்டு பக்கமும் பட்டை போட்டு இறுக்கிக் கட்டுகிற சட்டம் அது. செடி அதற்குள் கிடந்து தட்டையாகக் காயும்.

"ஏழுமா?"

"ஏழும்."

அவள் நிமிர்ந்தாள். சற்றுத் தள்ளி மர நிழலில் பீடி குடித்துக்கொண்டிருந்த தன் புருஷன் ஆண்டியைப் பார்த்தாள். ஆண்டிதான் எனக்கு வழிகாட்டி, சுமை தூக்கி, மழை வருமா வராதா என்று சொல்கிறவர், எல்லாம்.

"யோவ், இத்தப் பாத்துக்கினுதான் குந்தினு கீறியா?"

ஆண்டி புகையை மெதுவாக விட்டார். "அவரு படிச்சவரு. எனுக்கு இன்னா தெரியும்?"

"துன்ன மட்டும் தெரியும்."

ஆண்டி மலைக்கு அந்தப் பக்கம் எதையோ கவனிக்க ஆரம்பித்தார்.

அந்த இடத்தில் தொடங்கியது என் குழப்பம். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் அது தீர்ந்ததா என்று கேட்டால், தீர்ந்த மாதிரியும் இருக்கிறது.

ஈ காட்டிய வழி

போன வாரம் இந்தப் பகுதியில் விடுதிச் சாப்பாட்டைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஆம்பூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: கவிதை எழுதுகிற ஆள் செடிகொடி ஆராய்ச்சிக்கு எப்படிப் போனார்?

நடந்தது தலைகீழ். செடியிலிருந்துதான் கவிதைக்கு வந்தேன். காட்டில் செடி சேகரிக்கிறவனிடம் ஒரு குறிப்பேடு இருக்கும். செடிக்கு ஒரு எண், இடம், உயரம், எவ்வளவு காணப்படுகிறது, கடைசியாகப் 'பிற விவரங்கள்'. காய்ந்ததும் பூவின் நிறம் போய்விடும், வாசனை போய்விடும். அதனால் அவற்றை அந்தக் கடைசிப் பத்தியில் எழுதி வைக்க வேண்டும். இரண்டு வார்த்தை போதும். நான் இரண்டு பக்கம் எழுதினேன். என் பேராசிரியர் அதைச் சிவப்பு மையில் அடிப்பார். அடித்தது போக மிச்சம் இருந்தது ஆராய்ச்சி. அடிபட்டதெல்லாம் பிறகு கவிதை என்று அச்சானது.

எழுபதுகளின் பின்பகுதி. ஜவ்வாது மலையில் இருக்கிற செடிகள் எத்தனை, எவை என்று ஒரு முழுப் பட்டியல் போடுவது என் முனைவர் பட்ட வேலை. கேட்க எளிது. வாணியம்பாடியில் தோல் வாசனையோடு ஏறி, ஆலங்காயத்தில் பஸ் மாறி, காவலூரில் நட்சத்திரம் பார்க்கிற வெள்ளைக் கூண்டைத் தாண்டி, ஜமுனாமரத்தூரில் இறங்கி, அங்கிருந்து ஒன்றரை மணி நேரம் நடந்தால் குப்பம்மாவின் ஊர். அந்த வெள்ளைக் கூண்டைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு ஒரு பொறாமை வரும். நட்சத்திரத்தைப் பார்க்கிறவன் அதைப் பிடுங்கிக் கொண்டுவர வேண்டியதில்லை.

அந்தச் செடியை நான் கண்டுபிடித்தேன் என்று புத்தகங்களில் இருக்கிறது. கண்டுபிடித்தது ஒரு ஈ.

சரிவில் நடந்துகொண்டிருந்தபோது செத்த எலி நாற்றம். எங்கே என்று பார்த்தேன். ஒரு பச்சை ஈ பறந்து போய்ப் புல்லுக்குள் இறங்கியது, எழவில்லை. புல்லை விலக்கினால் விரல் நீளத்துக்கு ஒரு செடி. நான்கு இலை. நடுவில் சுண்டுவிரல் நகம் அளவு ஒரு பூ. காய்ந்த ரத்தத்தின் நிறம். ஐந்து இதழ்கள் மேலே நுனியில் ஒட்டிக்கொண்டு ஒரு கூண்டு மாதிரி நின்றன. நாற்றம் அந்தக் கூண்டுக்குள்ளிருந்து வந்தது. ஈ உள்ளே இருந்தது.

எருக்கஞ்செடியின் பங்காளி என்று பூவைப் பார்த்ததுமே தெரிந்தது. அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. என்னிடம் இருந்த எந்தப் புத்தகத்திலும் அது இல்லை.

குப்புற விழுந்து தேடினேன். இருநூறு தப்படிக்குள் ஏழு செடிகள். எல்லாவற்றிலும் பூ. ஏழு என்பது எங்கள் தொழிலில் நல்ல எண். ஒரே எண் கொடுத்து ஏழு தாள்களில் ஒட்டி, ஒன்றைக் கல்கத்தாவுக்கு, ஒன்றைக் கோவைக்கு, ஒன்றைக் கடல் தாண்டி, மிச்சத்தை இன்ன இன்ன இடங்களுக்கு என்று அனுப்பலாம். இந்த வகைச் செடியில் கிழங்கு இல்லாமல் அனுப்பினால் யாரும் மதிக்க மாட்டார்கள். எனவே ஏழையும் வேரோடு, கிழங்கோடு, கையகல மண்ணோடு பெயர்த்தேன். ஏழு இருக்கிற இடத்தில் எழுபது இருக்காதா?

'எவ்வளவு காணப்படுகிறது' என்ற பத்தியில் எழுதினேன்: அங்கங்கே நிறைய.

மை உலர்வதற்குள் குப்பம்மா வந்து நின்றாள்.

குதிகால்

அவளுக்கு அப்போது முப்பது இருக்கும். எனக்கு இருபத்தாறு. அக்கா என்று கூப்பிடுவேன். அவள் என்னைச் சாரு என்பாள், ஆனால் அதில் மரியாதையைவிடக் கிண்டல் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். சுள்ளி பொறுக்க வந்தவள், குழிகளைப் பார்த்து நின்றுவிட்டாள்.

அவர்கள் வீட்டில் அதற்குத் தண்ணிக்கெழங்கு என்று பெயர். ஆடு மேய்க்கிறவர்கள் தாகத்துக்குத் தோண்டித் தின்பார்கள். ஆனால் ஒரு முறை உண்டு. தோண்டி எடுத்ததும், தண்டு முளைக்கிற மேல்பாகத்தை விரல் தடிமனுக்கு வெட்டிவிடுவார்கள். அதுதான் தலை. கீழ்ப்பாகம் வாய்க்கு. தலையை அதே குழியில் திரும்ப வைத்து, மண் தள்ளி, குதிகாலால் ஒரு அழுத்து. அவ்வளவுதான். கும்பிடு கிடையாது. அதைப் பற்றி யாரும் பேசுவதும் கிடையாது.

"எதுக்கு அப்படி?" என்று கேட்டேன்.

"இன்னொரு வாட்டி பசிக்காதா?" என்றாள். இதென்ன கேள்வி என்பது போல என்னைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள். "ரெண்டு தலய குடுங்க. வெச்சிட்டுப் போலாம்."

"தலையைக் கொடுத்தா பூவும் போயிடும் அக்கா. பூ அதுலதான் இருக்கு."

"பூவ இன்னா பண்ணப் போறீங்க, ஜடையில வெச்சிக்கப் போறீங்களா? பொணம் மாரி நாறுது."

ஆண்டிக்குப் புரையேறியது.

"வேற எடத்துல இருக்கும்ல அக்கா? அந்தப் பக்கச் சரிவுல?"

"அங்க தைலமரம் வெச்சிட்டாங்கல்ல. வெச்சதுலேர்ந்து நான் பாக்கல. இங்கதான் ஏழெட்டு இருந்துச்சு. நாங்க வருசத்துக்கு ஒண்ணோ ரெண்டோ."

அப்போதே சட்டத்தைப் பிரித்து ஏழையும் கொடுத்திருக்கலாம். தாளுக்குள் வைத்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, எல்லாம் உயிரோடுதான் இருந்தன. எத்தனையோ முறை மனதுக்குள் அந்தப் பட்டையை அவிழ்த்திருக்கிறேன்.

நிஜத்தில் பட்டையை அவிழ்த்து, தாள்களைப் புரட்டி, இருப்பதிலேயே சோனியான ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். பூவும் பாதி உதிர்ந்த செடி. அவள் அதை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். கல்யாண வீட்டில் உடைந்த அப்பளத்தைப் பரிமாறினால் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. அரிவாளால் தலையை வெட்டி, குழியில் வைத்து, மண் தள்ளி, குதிகாலால் அழுத்தினாள். சுற்றி மூன்று கல் வைத்தாள். கீழ்ப்பாகத்தை ஆண்டியிடம் வீசினாள். அவர் இடுப்புத்துணியில் துடைத்துக் கடித்தார். எனக்கு ஒரு துண்டு நீட்டினார். வேண்டாம் என்றேன். ஆராய்ச்சிப் பொருளைத் தின்னக் கூடாது என்று எனக்கு ஒரு நினைப்பு.

கல்லூரிக்குத் திரும்பியதும் பேராசிரியர் கேட்டார். "குறிப்பேட்டுல ஏழு செடின்னு இருக்கு, ஏன் ஆறு தாள்தான் இருக்கு?"

"ஒண்ணுல பூ சரியில்ல சார்."

பொய்யில்லை. உண்மையுமில்லை.

லத்தீன் தெரிந்த பாதிரியார்

தாள்களை அனுப்பிய இடங்களிலிருந்து ஆறு மாதம் கழித்துப் பதில் வந்தது. இதுவரை உலகத்தில் யாரும் பதிவு செய்யாத செடி.

பேராசிரியர் ஆய்வகத்தில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். புதுச் செடிக்குப் பெயர் வைத்தால் அதன் விவரத்தை லத்தீனில் எழுத வேண்டும், அன்றைக்கு அப்படி விதி. எங்களில் யாருக்கும் லத்தீன் தெரியாது. வேலூரில் ஓய்வு பெற்ற பாதிரியார் ஒருவரைப் பிடித்தோம். அவர் ஜெபப் புத்தகத்து லத்தீனில் கெட்டிக்காரர். 'செத்த எலி போல நாற்றமுடைய' என்பதை எழுதச் சொன்னபோது பேனாவை வைத்துவிட்டு, "தம்பி, இந்த பாஷையில நான் இதுவரைக்கும் கடவுள்கிட்டதான் பேசியிருக்கேன்" என்றார். எலி இல்லாமல் எழுதிக் கொடுத்தார்.

மலையின் பெயரையே செடிக்கு வைத்தோம். கட்டுரை அச்சில் வந்தது. கீழே ஒரு வரி, என் குறிப்பேட்டிலிருந்து எடுத்தது: 'புல் சரிவுகளில் அங்கங்கே மிகுதியாகக் காணப்படுகிறது.'

அந்த வரியை நான் அடித்திருக்க வேண்டும். அச்சுக்குப் போவதற்கு முன் மெய்ப்பு என் கைக்கு வந்தது. லத்தீனில் ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தினேன். அந்த வரியைப் பார்த்தேன். அடுத்த மழைக்குப் போனால் நிச்சயம் நிறைய இருக்கும், எதற்கு வீணாக அடிக்க வேண்டும் என்று தோன்றியது. தோன்றியதா, தோன்ற வைத்துக்கொண்டேனா?

அடுத்த கோடைக்குப் போனேன். மழை இல்லை. அதற்கடுத்த கோடைக்குப் போனேன். மழை இருந்தது, பூ இல்லை. மூன்று கல் மட்டும் இருந்தன.

"தூங்குது" என்றாள் குப்பம்மா. "சில வருசம் எந்திரிக்காது."

இப்படிப்பட்ட கிழங்குகள் வருஷக்கணக்கில் மண்ணுக்குள் சும்மா கிடக்கும் என்று எனக்கும் தெரியும். செத்துப்போனாலும் அப்படித்தான் சும்மா கிடக்கும். மேலேயிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை.

பிறகு கல்லூரியில் வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது, கவிதைத் தொகுப்பு ஒன்று வந்து இருபது பேர் படித்தார்கள். மலைக்குப் போவது குறைந்தது. ஆனால் மே மாதம் எங்காவது மழை பெய்தால், சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் வகுப்பில் நின்றுகொண்டிருந்தாலும், அந்தச் சரிவில் ஒரு ஈ எங்கே இறங்குகிறது என்று மனம் தேடப் போய்விடும்.

நான்கு கட்டங்கள்

எண்பதுகளின் நடுவில் ஒரு படிவம் வந்தது.

நாட்டில் அழிந்துகொண்டிருக்கிற செடிகளுக்குப் பட்டியல் தயாரிக்கிறார்களாம். பெயர் வைத்தவர் என்ற முறையில் என்னிடம் கேட்டிருந்தார்கள். நான்கு கட்டங்கள்: பரவலாக உள்ளது. அரிது. அழியும் நிலையில் உள்ளது. அழிந்துவிட்டது. ஏதாவது ஒன்றில் குறியிட வேண்டும். முதல் கட்டத்தில் அவர்களே பென்சிலால் மெல்லக் குறியிட்டிருந்தார்கள். என் கட்டுரையைப் படித்திருக்கிறார்கள்.

கீழே, 'ஆபத்துக்குக் காரணம்' என்று ஒரு பத்தி. உதாரணத்துக்கு மூன்று அச்சிட்டிருந்தது: மேய்ச்சல், காட்டுத் தீ, மலைவாழ் மக்கள் கிழங்கு தோண்டுதல்.

பேராசிரியரைப் பார்க்கப் போனேன். ஓய்வு பெற்றுச் சத்துவாச்சாரியில் இருந்தார். ரோஜாத் தொட்டிக்குச் சாணம் கரைத்து ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அச்சுல வந்ததை ஏன்யா கிளர்ற?"

"செடி இல்லையே சார்."

"இல்லன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியல சார்."

"அப்ப இருக்கு. பென்சில் போட்ட எடத்துல பேனாவப் போட்டு அனுப்பு."

பஸ்ஸில் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். அவர் சொன்னதில் ஓட்டை எங்கே என்று தெரிந்தது, ஆனால் விரலை விட்டால் எனக்குத்தான் குத்தியது. பரவலாக உள்ளது என்று போட்டால் அந்தச் சரிவை இனி யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அழிந்துவிட்டது என்று போட்டால் கொன்றவன் நான். அழியும் நிலை என்று போட, உயிரோடு ஒன்றாவது இருக்க வேண்டுமே. இருக்கிறதா? எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒன்றுதான்.

சனிக்கிழமை ஆலங்காயம் பஸ்ஸில் ஏறினேன்.

தின்றதற்குச் சாட்சி

குப்பம்மா வீட்டு வாசலில் புளி தட்டிக்கொண்டிருந்தாள். தடிக்குக் கீழே ஓடு நொறுங்கிச் சிதறியது. ஆண்டி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். காற்றே புளித்துக் கிடந்தது.

"சாரே, தல நரச்சுப்போச்சு" என்றாள்.

"ஒனக்கு மட்டும் கறுத்தா கீது?" என்றார் ஆண்டி. எனக்கு ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டார், உட்கார.

நேராகக் கேட்டேன். "அக்கா, அந்தக் கிழங்கு. மூணு கல் வெச்சீங்களே."

"அதுவா. அத்த நான் துன்னுட்டனே."

கூடையின் மேல் நான் உட்கார்ந்தேனா, நின்றுகொண்டே இருந்தேனா, நினைவில்லை.

"ஒரு வருசம் காஞ்சு போச்சுல்ல. ஆட்ட ஓட்டிக்கினு போனா மத்தியானம் நாக்கு ஒட்டிக்கிச்சு. பாத்தா எல விட்டுக்கினு நிக்குது. தோண்டிட்டேன். இவுருக்கும் ஒரு துண்டு குடுத்தேன்."

"சப்புனு இருந்துச்சு" என்றார் ஆண்டி.

"அது எந்த வருஷம் அக்கா? நான் ரெண்டாம் வாட்டி வந்ததுக்கு முன்னாடியா, அப்புறமா?"

"பெரியவளுக்குக் காது குத்தினமே, அந்த வருசம்."

"அதுக்கு மின்ன வருசம்" என்றார் ஆண்டி.

"உனுக்கு இன்னா தெரியும்? காது குத்துக்குக் குடிச்சிட்டுப் படுத்துக்கினு இருந்த."

அவர்கள் அதில் இறங்கிவிட்டார்கள். நான் எனக்குள் கணக்குப் பார்த்தேன். உலகத்துக்குத் தெரிந்து மண்ணில் மிச்சமிருந்த ஒரே ஒரு செடி. அதை ஒரு மத்தியானத்தில் இரண்டு பேர் தின்றிருக்கிறார்கள். கோபம் வர வேண்டும். ஆனால் அவள் தின்றாள் என்றால் அது பிழைத்திருந்தது என்று அர்த்தம். நான் உடைந்த அப்பளமாகக் கொடுத்த அந்தச் சோனி முளைத்து, இலை விட்டு, மறுபடி கிழங்கு கட்டியிருக்கிறது. அது உயிரோடு இருந்ததற்கு இந்த மலையில் வேறு சாட்சி இல்லை.

"தலை?" என்று கேட்டேன்.

"வெக்காம?" என்றாள்.

சரிவுக்குப் போனோம். தைலமரங்கள் இப்போது கீழே இறங்கி வந்திருந்தன. சரிவு எங்கும் கல். எங்கே பார்த்தாலும் மூன்று கல். குப்பம்மா நின்று, தள்ளிப் போய், திரும்பி வந்தாள். "இதான். இல்ல... தோ, அது." களைக்கொத்தை என்னிடம் நீட்டினாள்.

"தோண்டிப் பாக்கறதா இருந்தா பாருங்க. ஆனா மொள விட்டிருந்தா ஒடியும். மழைக்கு மின்ன ஒடிஞ்சா அவ்ளோதான்."

களைக்கொத்தைக் கீழே வைத்தேன். மண்டியிட்டு, விரலால் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கினேன். ஒரு விரல் ஆழம். இரண்டு. சின்ன எறும்புகள். நான்காவது விரல் ஆழத்தில் நுனியில் ஏதோ தட்டுப்பட்டது. உருண்டையாக, கெட்டியாக, குளிர்ச்சியாக.

கிழங்காக இருக்கலாம். கல்லாகவும் இருக்கலாம். இன்னும் அரை விரல் போனால் தெரிந்துவிடும்.

விரலை அங்கேயே வைத்திருந்தேன். முழங்கால் மரத்துப்போனது. பிறகு விரலை எடுத்தேன். மண்ணைத் தள்ளினேன். எழுந்து காலால் அழுத்தினேன்.

"எடது கால்ல" என்றாள்.

"ஏன்?"

"வலது கால் பெலமா மிதிக்கும்."

திரும்பும்போது படிவத்தைப் பற்றிச் சொன்னேன். "அழியப் போற செடின்னு எழுதினா, இங்க யாரும் தோண்டக் கூடாதுன்னு ஃபாரஸ்ட் கார்டு வந்து தடுப்பாரு அக்கா."

"அவருக்கு அது எதுன்னு தெரியுமா?"

"தெரியாது."

"அப்போ நான் போய்க் காட்டணும், அவரு வந்து என்னத் தடுக்கணும்."

ஆண்டி ஊர் வருகிற வரை சிரித்துக்கொண்டே வந்தார்.

சிவப்புப் பென்சில்

நான்கு கட்டங்களையும் காலியாக விட்டு, கூடவே இரண்டு பக்கக் கடிதம் எழுதி அனுப்பினேன். ஏழு குழி, ஆறு தாள், ஒரு தலை, மத்தியானத் தாகம், நான்கு விரல் ஆழத்தில் தட்டுப்பட்ட கெட்டியான பொருள், எல்லாம் இருந்தது. 'பிற விவரங்கள்' எழுதுகிற பழைய வியாதி.

இருபது நாளில் படிவம் திரும்பி வந்தது. சிவப்புப் பென்சிலில் ஒரு வட்டம். 'ஒரு கட்டத்தில் மட்டும் குறியிடவும். காரணப் பத்தி காலியாக உள்ளது.' கடிதத்தையும் ஊசியில் குத்தித் திருப்பி அனுப்பியிருந்தார்கள். ஓரங்கூடக் கசங்கவில்லை.

படிவம் மேசையில் கிடந்தது. மே வந்தது. ஒரு வாரம் நல்ல மழை.

கல்லூரி வாசலில் காவலாளி கூப்பிட்டார். ஆலங்காயம் பஸ் கண்டக்டர் ஒரு பொட்டலத்தோடு நின்றுகொண்டிருந்தார். மந்தாரை இலையில் சுற்றி நாரால் கட்டியிருந்தது.

"ஆண்டின்னு ஒருத்தரு குடுத்தாருங்க. 'தல வெச்சாச்சு'ன்னு சொல்லச் சொன்னாரு. அவ்ளோதான்."

அறைக்குப் போய்ப் பிரித்தேன். கிழங்கின் துண்டு ஒன்று. விரல் தடிமன். வெட்டின இடம் பழுப்பேறிச் சிவந்திருந்தது. உள்ளே வெள்ளை. இலையில் ஈரம்.

குப்பம்மா எனக்காகத் தோண்டியிருக்கிறாள்.

கை தானாகச் செய்தித்தாளை விரித்தது. துண்டை நடுவில் வைத்தது. சட்டத்தை எடுக்கத் திரும்பியவன் நின்றேன். பூ இல்லை, இலை இல்லை. வெறும் கிழங்குத் துண்டை வைத்து இன்ன செடி என்று நானும் சொல்ல முடியாது, உலகத்தில் எவனும் சொல்ல முடியாது. ஏழாவது தாளாக ஒட்டினாலும் அது சாட்சி ஆகாது.

எடுத்து வாயில் போட்டேன்.

முதலில் தண்ணீர். பிறகு லேசாகக் கசப்பு. பச்சை வேர்க்கடலையின் வாடை. பிறகு மறுபடி தண்ணீர். அதுதானா? கண்ணை மூடி யோசித்தேன். யோசித்து என்ன செய்ய, அன்றைக்கு ஆண்டி நீட்டியபோது வேண்டாம் என்று சொன்னவன் நான். பெயர் வைத்து, படம் வரைந்து, இதழுக்கு இதழ் அளந்த செடி. அதன் ருசி எனக்குத் தெரியாது.

அன்று மாலையே பேனாவை எடுத்தேன். அவர்களுடைய பென்சில் குறியை ரப்பரால் அழித்தேன். மூன்றாவது கட்டத்தில் குறியிட்டேன்: அழியும் நிலையில் உள்ளது. காரணப் பத்தியில் அச்சிட்டிருந்த மூன்றில் கிழங்கு தோண்டுதலை அடித்தேன். பக்கத்தில் எழுதினேன்: 'தாவரவியல் சேகரிப்பு. ஒரே நாளில் ஆறு செடிகள். சேகரித்தவர், கீழே கையெழுத்திட்டிருப்பவர். மிகுதியாகக் காணப்படுகிறது என்று முன்பு எழுதியது தவறு.' இடம் என்ற பத்தியில் மலையின் பெயரோடு நிறுத்திக்கொண்டேன்.

உறையில் போட்டு ஒட்டினேன். தபாலில் போடவில்லை. அது வேறு கிழங்காக இருந்தால்? என்னைத் தேற்றுவதற்காக எதையோ வெட்டி அனுப்பியிருந்தால்? செய்கிறவள்தான். இல்லை, செய்கிறவள் இல்லை. அன்றிரவு அவளை நான் நம்பினேன், காலையில் நம்பவில்லை.

கண்டக்டரைத் தேடிப் போய், மேலே போகும்போது ஒரு வார்த்தை கேட்டு வரச் சொன்னேன். அது அந்தக் கிழங்குதானா, நிச்சயம்தானா.

எட்டு நாள் கழித்துப் பஸ் நிலையத்தில் என்னைக் கண்டதும் அவர் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"கேட்டேன் சார். அந்தம்மா 'பின்ன கல்லயா அனுப்பினேன்'னு கேட்டு வரச் சொன்னாங்க."

பஸ் நிலையத்து வாசலிலேயே தபால் பெட்டி இருந்தது. பையில் வைத்திருந்த உறையைப் போட்டுவிட்டு, அது உள்ளே விழுகிற சத்தம் கேட்கிறதா என்று கொஞ்ச நேரம் நின்றேன்.